கால் வேலி எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு, நாங்கள் மூவர் சேர்ந்து உருவாக்கிய சிறிய இணையச் செயலி ஒன்றை மடிக்கணினியிலிருந்து மேகச் சர்வருக்கு ஏற்றினோம். கல்வெட்டுகளில் வரும் நிலக்கொடைகளை ஊர், அரசர், ஆட்சியாண்டு, நில அளவு என்ற புலங்களில் தேடித்தரும் செயலி அது. ஏற்றும் பணி இரண்டு நாள் இழுத்தது. இரண்டு பிழைச்செய்திகள் வந்தன. இணையத்தில் தேடி இரண்டையும் நீக்கினோம். பக்கம் திறந்தது, தேடல் ஓடியது. மகிழ்ச்சியோடு தேநீர் குடிக்கப் போனோம்.

மூன்று வாரம் கழித்து, ‘நில அளவு’ என்னும் புலம் சில பதிவுகளில் வெறுமையாக இருப்பதை நண்பர் ஒருவர் கண்டார். மூலக் கோப்பைத் திறந்து பார்த்தபோது அந்த இடங்களிலெல்லாம் அரை, கால், மா, காணி என்ற பின்னக் குறிகள் மட்டுமே இருந்தன. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. பத்தே கால் வேலி என்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து வேலி என்று இருந்தது. வெற்றிடம் கண்ணில் படும். ‘பத்து’ என்பது யார் கண்ணிலும் உறுத்தாது. அதை எடுத்து ஒருவர் கட்டுரையில் மேற்கோள் காட்டினால், அந்தத் தவறு எங்கள் செயலியைவிட நீண்ட காலம் வாழும்.

இன்றைய தஞ்சை வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். கால் வேலி என்பது ஒன்றரை ஏக்கருக்கும் மேல். கல்லில் நூற்றாண்டுகள் நின்ற ஒன்றரை ஏக்கர், ஒரு பிற்பகலில் எங்கள் கையால் காணாமற்போனது. அதைத் தேடிச் சென்ற வழியில் நான் கண்டது ஒரு நீண்ட வரலாறு. அதையே இங்கு எழுதுகிறேன்.

தமிழ்ப் பின்னங்கள் அலங்காரத்துக்காகத் தோன்றியவை அல்ல. நிலத்தையும் நெல்லையும் பொன்னையும் பங்கிடுவதற்காகத் தோன்றியவை. முக்கால், அரை, கால், அரைக்கால் என்பது ஒரு வரிசை. மா என்பது இருபதில் ஒன்று; காணி என்பது எண்பதில் ஒன்று; முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்கும் கீழே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்ற சொல் முன்னால் வரும். கீழ் முந்திரி என்றால் முந்திரியில் 320இல் ஒரு பங்கு. அதாவது 1,02,400இல் ஒன்று. இப்படியே படிப்படியாக இறங்கலாம். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்குவரை நிலம் கணக்கிடப்பட்டதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். 320ஐ நான்கு முறை வைத்துப் பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும். அத்தனை சிறிய துண்டு நிலத்தில் ஒரு நெல்மணியும் விளையாது. ஆனால் கூட்டல் சரியாக வர வேண்டும் என்பதில் அந்தக் கணக்கர்களுக்கு இருந்த பிடிவாதம் அந்த எண்ணில் தெரிகிறது.

கல்லில் இருந்ததைத் தாளுக்குக் கொண்டுவந்த வரலாற்றில் மைசூருவுக்குத் தனி இடம் உண்டு. 1886இல் சென்னை மாகாண அரசு ஹூல்ஷ் என்ற செருமானிய அறிஞரைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியது. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. அந்த அலுவலகம் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, உதகமண்டலத்தில் நெடுங்காலம் இருந்து, 1966இல் மைசூருவுக்கு வந்தது. அதனோடு, தமிழகக் கோயில்களில் எடுத்த மைப்படிகளும் இங்கு வந்து சேர்ந்தன.

மைப்படி எடுக்கும் முறையை ஒருமுறையேனும் அருகிலிருந்து பார்க்க வேண்டும். கல்லை நன்றாகக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை தோய்த்த பொதியால் ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுக்கும், பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாக நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைப்படி எடுப்பவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. கால் குறி எது, முந்திரிக் குறி எது என்று அவர் அறியாவிட்டாலும் தாள் அதை எடுத்துக்கொள்ளும். கல்லின் வெடிப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். வாசிப்பு பிறகு நடக்கும். படி முதலில் முழுமையாக இருக்கும்.

கணினி இதற்கு நேர்மாறானது. கணினி வடிவத்தைப் படியெடுப்பதில்லை. பட்டியலில் உள்ள எண்ணைப் படியெடுக்கிறது. பட்டியலில் இல்லாத குறிக்குக் கணினியில் இருப்பே இல்லை. ஆகவே கால் வேலி காணாமற்போன கதை, அந்தப் பட்டியலின் கதையிலிருந்து தொடங்குகிறது.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி கிடைத்தது. 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரக் குறியாக்கத்தை ஒட்டி அது அமைந்தது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகள் அதில் இடம்பெற்றன. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, ரூபாய் முதலிய குறிகள் 2003இல் வந்தன. தமிழ்ச் சுழியம் 2005இல் வந்தது. பின்னங்கள் மட்டும் வெளியிலேயே நின்றன. ஸ்ரீரமண சர்மா சான்றுகளுடன் தொகுத்தளித்த முன்மொழிவு நெடிய ஆய்வுக்குப் பின் ஏற்கப்பட்டு, 2019 மார்ச்சில் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் ‘தமிழ்ச் சேர்க்கை’ என்ற பகுதியாக 51 குறிகள் இடம்பெற்றன. ‘கீழ்’ என்பதற்கும் அதில் ஒரு குறி உண்டு.

ஆனால் அதற்குள் பழைய பகுதியைச் சுற்றி இடமில்லை. ‘அ’ என்ற எழுத்தின் எண் 2,949. பத்தின் குறியும் அதே பகுதியில்தான் இருக்கிறது. கால் குறியின் எண் 73,680. இரண்டுக்கும் நடுவே 65,535 என்ற எல்லைக்கோடு ஓடுகிறது. உலகின் எழுத்துகள் அனைத்தும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும் என்றுதான் ஒருங்குறியை வடிவமைத்தவர்கள் தொடக்கத்தில் நம்பினார்கள். அடங்காது என்று 1996இல் எல்லையை விரித்தார்கள். 2001இல் எல்லைக்கு அப்பால் முதல் எழுத்துகள் குடியேறின.

எண்ணை பைட்டுகளாக எழுதும் முறைக்கு யூடிஎஃப்-8 என்று பெயர். 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ செர்சியில் ஓர் உணவகத்தில் இரவுணவின்போது மேசைத் தாளில் வரைந்த திட்டம் அது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ‘அ’ என்பதற்கு 224, 174, 133 என மூன்று பைட் வேண்டும். கால் குறிக்கு 240, 145, 191, 144 என நான்கு பைட் வேண்டும்.

இங்குதான் நான்கு வரவேண்டிய இடத்தில் மூன்று என்று ஒருவர் முடிவு செய்தார். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் உலகெங்கும் இணையத்தளங்களின் அடியில் இயங்குவது. அதன் 4.1ஆம் பதிப்பு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் யூடிஎஃப்-8க்கு ஆறு பைட் வரை இடம் இருந்தது. 2002 செப்டம்பரில் அதை மூன்றாகக் குறைத்தார்கள். எல்லைக்கு அப்பால் எழுத்துகள் குடியேறி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை. ‘யூடிஎஃப்8’ என்று எழுதியிருப்பதை நம்பிய கோடிக்கணக்கான அட்டவணைகளில் உண்மையில் முக்கால் யூடிஎஃப்-8தான் இருந்தது.

தமிழருக்கு இது நெடுங்காலம் தெரியவில்லை. நாம் அன்றாடம் எழுதும் எழுத்தெல்லாம் மூன்று பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. வலைப்பதிவுகள் வளர்ந்தன, மின்னூல்கள் வளர்ந்தன, குறையொன்றும் தென்படவில்லை. 2010இல் மைஎஸ்க்யூஎல் 5.5.3 பதிப்பு ‘யூடிஎஃப்8எம்பி4’ என்ற புதுப் பெயரில் நான்கு பைட்டுக்கு இடம் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒருங்குறியில் எமோஜிகள் சேர்ந்தன. அவையும் எல்லைக்கு அப்பால் குடியேறியவை. திறன்பேசியில் சிரிப்பு முகத்தை அனுப்பிய மக்களின் செய்திகள் பாதியில் அறுபட்டபோதுதான் உலகம் விழித்தது. வேர்ட்பிரஸ் 2015 ஏப்ரலில் புதுப் பெயருக்கு மாறியது. 2018இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 அதையே இயல்பிருப்பாக வைத்தது. சோழர் காலக் கால் குறிக்கு இன்று தரவுத்தளத்தில் இடம் கிடைக்கிறதென்றால் அதற்குச் சிரிப்பு முகங்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இனி எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். மடிக்கணினியில் இருந்தது 8.0. நாங்கள் வாங்கிய மலிவான சர்வரில் இருந்தது 2013இல் வெளிவந்த 5.6. முதற்பிழை: ‘அறியாத அகரவரிசை விதி’. 8.0இன் இயல்பான விதியின் பெயரில் 0900 என்ற எண் வரும். பழைய பதிப்புக்கு அந்தப் பெயர் தெரியாது. இரண்டாவது பிழை: ‘சுட்டு நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது’. ஊர்ப் பெயருக்கு 255 எழுத்து ஒதுக்கியிருந்தோம். மூன்று பைட் என்றால் 765, அடங்கும். நான்கு என்றால் 1,020, அடங்காது.

இரண்டுக்கும் ஒரே மருந்தை இணையம் பரிந்துரைத்தது. ஏற்றும் கோப்பைத் திறந்து ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘யூடிஎஃப்8’ என்று மாற்றிவிடு என்பதே அது. மாற்றினோம். இரண்டு பிழைகளும் ஒருசேர மறைந்தன. நான்காவது பைட்டுக்கான இடமும் அவற்றோடு மறைந்தது.

அப்போதாவது தரவுத்தளம் தடுத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கண்டிப்பான முறையில் இயங்கினால் அது தடுக்கும். ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் ஏற்றுமதிக் கருவி எழுதும் கோப்பின் தலைப்பிலேயே, ஏற்றும் நேரத்துக்கு அந்தக் கண்டிப்பை விலக்கிவைக்கும் வரி ஒன்று இருக்கிறது. பழைய தரவுகள் தடையின்றி ஏற வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் வைத்த வரி. அதன் பயன், புரியாத பைட் வந்த இடத்தில் சரத்தை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டு மேலே போவது. அந்த எச்சரிக்கையும் நாமாகக் கேட்டாலன்றித் திரையில் வராது. ௰ என்ற குறியை அடுத்துக் கால் குறி. வெட்டு விழுந்தது இரண்டுக்கும் நடுவே. பத்து பிழைத்தது, கால் போயிற்று.

இத்தகைய சிக்கலில் முதலில் அறிய வேண்டியது, இழப்பு காட்சியிலா தரவிலா என்பது. நோய்க்குறிகளை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வெறும் பெட்டி தெரிந்தால் பெரும்பாலும் தரவு நலமாக இருக்கிறது, எழுத்துரு இல்லை. இங்கே ஒரு கால் குறியை இடுகிறேன்: 𑿐. உங்கள் திறன்பேசியில் அது பெட்டியாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நோட்டோ வரிசையில் தமிழ்ச் சேர்க்கைக்கென்றே ஓர் எழுத்துரு உண்டு.

தமிழ் முழுவதும் கொம்பும் புள்ளியும் ஏந்திய இலத்தீன் எழுத்துக் கூட்டமாகத் தெரிந்தால், பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக உள்ளன. தவறான குறியாக்கத்தில் வாசிக்கப்படுகின்றன. அவசரப்பட்டு அதன்மேல் மீண்டும் சேமித்தால்தான் கேடு.

எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி நின்றாலோ வாசகம் பாதியில் நின்றாலோ பெரும்பாலும் தரவு போய்விட்டது. போன தரவை எந்தக் கட்டளையும் மீட்டுத்தராது. மூலத்திலிருந்து மறுபடி ஏற்றுவதே வழி.

நாங்கள் மறுபடி ஏற்றினோம். இம்முறை அகரவரிசை விதியின் பெயரை மட்டும் மாற்றினோம். குறியாக்கத்தின் பெயரைத் தொடவில்லை. சுட்டு வேண்டிய புலங்களை 191 எழுத்தாகக் குறைத்தோம். 191ஐ நான்கால் பெருக்கினால் 764. அட்டவணை, செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு, மறுபிரதி எடுக்கும் கருவி ஆகிய மூன்றும் நான்கு பைட் முறையில் இருக்கின்றனவா என்று தனித்தனியாகப் பார்த்தோம். மூன்றில் ஒன்று பழைய பெயரில் இருந்தாலும் கால் குறி அங்கே விழுந்துவிடும்.

அதன் பின்னும் ஒரு பொறி காத்திருந்தது. கால் என்று தேடினால் அரையும் முக்காலும் சேர்ந்து வந்தன! பழைய அகரவரிசை விதிகளில் 65,535க்கு அப்பாற்பட்ட எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எடைதான். ஒன்றுக்கொன்று சமம் என்றே அவை கொள்ளும். ஆகவே நில அளவுப் புலத்துக்கு மட்டும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் விதியை அமைத்தோம். இராசராசன் கணக்கர்கள் முந்திரிக்கும் காணிக்கும் உள்ள வேறுபாட்டை எங்களைவிட மேலாகக் காத்திருக்கிறார்கள் என்று அன்று தோன்றியது.

செயலியை அதன் சூழலோடு சேர்த்துக் கட்டி அனுப்பும் கொள்கலன் முறை இப்போது பரவலாகிவிட்டதே, இந்தத் தொல்லை இன்னும் உண்டா என்று ஒரு நண்பர் கேட்டார். 2013இல் டாக்கர் அறிமுகமானபின், ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற புலம்பல் குறைந்தது உண்மை. ஆனால் பெரும்பாலான இடங்களில் தரவுத்தளம் அந்தப் பெட்டிக்கு வெளியே, வாடகைக்கு எடுத்த வேறொரு சேவையாக இருக்கிறது. செயலி தன் சூழலைச் சுமந்து போகலாம்; தரவு மட்டும் பழைய தோணியிலேயே ஆற்றைக் கடக்கிறது.

எங்கள் தவறு ஒரு பெயரை மாற்றியது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பிழைச்செய்தி நின்றதையே வெற்றி என்று கொண்டதுதான் தவறு. பிழைச்செய்தி என்பது சர்வர் நம்மிடம் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் வாயை அடைத்தோம். பக்கம் திறக்கிறதா என்று பார்த்தோம். ஏறியது எத்தனை, இறங்கியது எத்தனை என்று எண்ணவில்லை. இன்று ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஒரு சிறிய நிரல், 65,535க்கு மேற்பட்ட எண்ணுடைய எழுத்துகளை இரு பக்கமும் எண்ணிப் பார்க்கிறது. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் செயலி திறக்காது. பத்து வரி நிரல்தான் அது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூருவில் உள்ள தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுசெல்ல ஆணையிட்டது. பின்னர் அந்தப் பணி தொடங்கவும் செய்தது. எந்த ஊரில் இருந்தாலும் அவை அடுத்துப் போக இருக்கும் இடம் கணினிதான். படமாகப் போகும்வரை கவலையில்லை. படமும் மைப்படி போலத் தெரியாததையும் சேர்த்தே சுமக்கும். எழுத்தாக மாறும் அன்று, யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் ஏற்றும் கட்டளையைத் தட்டுவார். அவர் திரையில் ஒரு பிழைச்செய்தி வரும். அதை விரைவாக வாயடைக்கும் ஒரு வழியும் இணையத்தில் கிடைக்கும்.

கல்வெட்டு, ஓலை, கணக்கேடு எதையேனும் தரவுத்தளத்தில் வைத்திருக்கும் நண்பர்கள் இன்றிரவே ஒரு காரியம் செய்யுங்கள். மேலே இட்டிருக்கும் கால் குறியை நகலெடுத்து உங்கள் செயலியில் ஒரு சோதனைப் பதிவாகச் சேமியுங்கள். மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். குறியோ பெட்டியோ தெரிந்தால் நிம்மதியாக உறங்கலாம். வெறுமையோ கேள்விக்குறியோ தெரிந்தால், மூலக் கோப்புகள் கையில் இருக்கும்போதே எண்ணத் தொடங்குங்கள்.